மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அம்மாவுக்கு நடுக்கம் வருகிறது, ஏன்?

வாசகர் கேள்வி, 2 நவம்பர் 2024

அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. நாகப்பட்டினம் பக்கம் கடற்கரைக் கிராமம். 2004 சுனாமியில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய், கருவேல முள்ளில் சிக்கி உயிர் பிழைத்தவர். மழைக்காலம் வந்தால் ராத்தூக்கம் கிடையாது, நெஞ்சு படபடக்கும். பக்கத்து ஊர் மண்டபத்தில் இலவச தியான வகுப்பு நடக்கிறது என்று அத்தை கூட்டிக்கொண்டு போனார். கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்களாம். கொஞ்ச நேரத்தில் கைகால் நடுங்கி, மூச்சு முட்டி, எழுந்து வெளியே ஓடி வந்துவிட்டார். நடத்தியவர் "உள்ளே கிடக்கிற அழுக்கு வெளியே வருது, விடாம செய்யுங்க" என்கிறார். தியானம் பதற்றத்தைக் குறைக்கும் என்று ஆராய்ச்சியே சொல்வதாகப் போகிற இடமெல்லாம் படிக்கிறேன். அம்மா சரியாகச் செய்யவில்லையா? திரும்ப அனுப்பலாமா? நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 நவம்பர்

தம்பி, இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.

அம்மா சரியாகத்தான் செய்திருக்கிறார். மூச்சைக் கவனி என்றார்கள், கவனித்தார். கடல்தண்ணீரைக் குடித்து மூச்சடைத்துப் போன உடம்பு அது. அவருக்குப் பயம் குடியிருக்கிற இடமே நெஞ்சும் தொண்டையும்தான். கண்ணை மூடிக்கொண்டு நேராக அங்கே போய் உட்காரச் சொன்னால் நடுங்காமல் என்ன செய்யும்?

நான் மனநல சமூகப் பணியாளர். இந்த வேலைக்கு வந்ததே சுனாமிக்குப் பிறகு, தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்த காலம். வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் உட்கார முடியாது. பெண்கள் வெளியே நிழல் பார்த்து உட்கார்ந்து பேசுவார்கள். "கண்ணை மூடினா தண்ணி வருது" என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புதிதில்லை, ஆனால் அதை இப்படி நேராகக் கேட்டவர்கள் குறைவு.

உடம்பில் நடப்பது இதுதான். பயம் தட்டினால் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அது குறைந்தால் விரல் நுனி மரத்துப்போகும், உதடு சுரீரென்று இருக்கும், தலை சுற்றும், காற்றே போதாத மாதிரி தோன்றும். பழைய பயம் இருக்கிறவருக்கு இந்த அறிகுறியே அடுத்த பயம். நல்ல காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டுகிறது என்பார்கள். அது நடிப்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை.

"அழுக்கு வெளியே வருது" என்ற பேச்சை அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுக்கு என்று சொல்லும்படி அவரிடம் ஒன்றும் கிடையாது. உயிர் பிழைத்த நினைவு இருக்கிறது.

3 நவம்பர், இரவு

போனில் அம்மாவிடம் நீங்கள் சொல்லக்கூடியது: கண் திறந்தே இருக்கட்டும். வாசல் தெரிகிற இடத்தில் உட்காரட்டும். பாதம் இரண்டும் தரையில் பட்டுக்கொண்டிருக்கட்டும். கண்ணில் படுகிற பொருளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லட்டும். கையில் வேலை ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது. முடியவில்லை என்றால் எந்த நேரத்திலும் எழுந்துவிடலாம், யார் அனுமதியும் வேண்டாம்.

5 நவம்பர்

மன்னார்குடி நண்பர், நல்ல விஷயத்தைப் பயமுறுத்தி மக்களை விலக்குகிறேன் என்று எழுதியிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் தியானத்தால் அவருக்குக் குணமாகியிருக்கிறது. அதனால் ஆராய்ச்சியில் என்ன இருக்கிறது என்பதை எழுதிவிடுகிறேன்.

ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஒரு தியானப் பயிற்சியைத் தொடங்கினார். எந்த மருந்துக்கும் அடங்காத நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காக ஆரம்பித்தது. 8 வாரம், வாரத்துக்கு ஒருமுறை இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு முழு நாள். இன்று ஆராய்ச்சிகள் "மனநிறைவுப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) பலன் தந்தது" என்றால் பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்ததைத்தான் சொல்கின்றன.

2022இல் வெளியான ஒரு சோதனையில் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இந்த 8 வாரப் பயிற்சி, இன்னொரு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை. நம் ஊர் மருந்துக்கடையிலும் சீட்டோடு கிடைக்கிற அதே மாத்திரைதான். 8 வாரம் முடிந்து பார்த்தபோது பயிற்சி மாத்திரைக்கு இளைத்ததாக இல்லை. பெரிய செய்தி. மறுக்கவே இல்லை.

ஆனால் அவர்கள் பொதுவான பதற்றம், திடீர்ப் பீதி, கூட்டத்தைக் கண்டால் பயம் என்ற வகை நோயாளிகள். தம்பியின் அம்மாவுக்கு நெருக்கமான ஆய்வு வேறு. மெலிசா போலுஸ்னி என்ற மருத்துவ உளவியலாளர் மினியாபோலிஸில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நோய் (PTSD) உள்ள முன்னாள் படைவீரர்கள் 116 பேரிடம் செய்தது, 2015இல் வந்தது. இங்கேயும் ஒரு பாதிக்கு மனநிறைவுப் பயிற்சி. மறுபாதி குழுவாக உட்கார்ந்து இன்றைய வாழ்க்கைச் சிக்கல்களைப் பேசினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது தங்கள் அறிகுறிகள் நன்றாகக் குறைந்ததாகச் சொன்னவர்கள் பயிற்சிக் குழுவில் 48.9%, பேச்சுக் குழுவில் 28.1%. சரி, நோய் என்ற அடையாளமே நீங்கியவர்கள் எத்தனை என்று பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். உதவுகிறது, அளவோடு உதவுகிறது.

இன்னொன்று. அந்த இரண்டு இடத்திலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தார், சேர்க்கும் முன் ஆளைப் பார்த்துப் பேசினார்கள், இடையில் என்ன ஆனது என்று கேட்க ஆள் இருந்தது. மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து நூறு பேரைக் கண்மூட வைப்பதற்கு அந்த ஆய்வுகளைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது.

9 நவம்பர்

"தியானத்தால் கெடுதல் வந்ததாக ஆய்வு உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். உண்டு, அதைச் செய்தவரும் தியானத்துக்கு எதிரி கிடையாது.

வில்லபி பிரிட்டன், அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலாளர். ஜாரெட் லிண்டாலோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் தியானம் செய்கிறவர்களையும் கற்றுக்கொடுக்கிறவர்களையும் உட்காரவைத்து, சிரமமாக என்ன நடந்தது என்று விரிவாகக் கேட்டார். பயம், தூக்கமின்மை, உடம்பு தன்னுடையதாகத் தோன்றாமல் போவது, பழைய நினைவு பீறிட்டு வருவது என 59 வகை அனுபவங்களைப் பதிவு செய்தார்கள். 2021இல் 96 பேரிடம் இன்னும் நுணுக்கமாகக் கேட்டார். 8 வார மனநிறைவுப் பயிற்சி முடித்தவர்கள். 58% பேருக்கு ஏதாவது ஒரு கசப்பான அனுபவம் வந்திருந்தது. பெரும்பாலும் வந்து போகிறவைதான். நீடித்த பாதிப்பு 6 முதல் 14% பேருக்கு. அப்படி நீடித்தவர்களிடம் அதிகம் காணப்பட்டது இரண்டு: எப்போதும் உடம்பு விறைப்பாக விழித்துக்கிடப்பது, இல்லையென்றால் உணர்வே இல்லாமல் விலகிப்போவது.

இந்த இரண்டையும் கடற்கரையில் நிறையப் பார்க்கிறேன். முதல் வகை யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். இரண்டாவதைத்தான் தவறாகப் படிப்பார்கள். வகுப்பில் அசையாமல், முகம் சலனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து "எவ்வளவு ஆழமா போயிட்டாங்க பாருங்க" என்று பாராட்டினார்கள் ஒரு இடத்தில். நான் பக்கத்தில் போய்க் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. அமைதியில் அப்படி இருக்காது, கை சூடாக இருக்கும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

16 நவம்பர்

இன்று கஜா புயல் நாள். 2018இல் இதே தேதி விடியுமுன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. பிள்ளை மாதிரி வளர்த்த மரம் என்று சொல்லி அழுத ஆண்களை அன்றுதான் அவ்வளவு பேராக ஒரே இடத்தில் பார்த்தேன்.

புயலுக்குப் பிறகு பேராவூரணி பக்கம் ஒரு குழு நடத்தினோம். அதில் ஒரு அக்கா. ராத்திரி காற்று கொஞ்சம் எழுந்தாலும் பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்துவிடுவார். உடம்பை உச்சி முதல் உள்ளங்கால் வரை கவனித்து வருகிற பயிற்சியை அவரிடம் எடுத்தபோது தோள்வரை கூட வர முடியவில்லை. விட்டுவிட்டோம். அவர் வீட்டுக்குப் பின்னால் விழுந்த மரத்து மட்டையெல்லாம் குட்டையில் ஊறிக்கிடந்தது. கூரை போன வீடுகளுக்குக் கீற்று வேண்டுமே. ஊறிய மட்டையை நடுவில் பிளந்து எதிரே போட்டுக்கொண்டு, ஒரு காலால் அழுத்திப் பிடித்து, ஓலையை ஒன்றுவிட்டு ஒன்று மடக்கி முடைய ஆரம்பித்தார். நான் கூடவே உட்கார்ந்து, விரலில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். ஈரம், வழுவழுப்பு, ஓரத்தில் வெட்டுகிற கூர், ஊறல் வாடை. ஒரு கீற்று முடிகிறவரை அவர் கண் வாசல் பக்கமோ வானத்துப் பக்கமோ போகவில்லை. முடித்ததும் அவராகவே, "கை போற எடத்துக்கு மனசும் போவுது, மேடம்" என்றார்.

கவனத்தை ஒரு இடத்தில் வைத்து, அது ஓடினால் கடிந்துகொள்ளாமல் திரும்பக் கூட்டி வருவதுதான் பயிற்சி. அந்த இடம் மூச்சாகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. கீற்று போதும், வலை போதும், நெத்திலி ஆய்வதும் போதும்.

18 நவம்பர்

திருத்துறைப்பூண்டியிலிருந்து உளவியல் படிக்கும் தங்கை சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்: "பயத்தைத் தவிர்க்கத் தவிர்க்கத்தானே பயம் வளரும்? மூச்சை விட்டு ஓலைக்குப் போவதும் தவிர்ப்பதுதானே?"

இதை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். தவிர்ப்பது நோயை வளர்க்கும் என்பது உண்மை. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய சிகிச்சையே அந்த அடிப்படையில்தான்: நடந்ததைச் சிகிச்சையாளர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லி, பயந்து ஒதுங்கிய இடங்களுக்குப் படிப்படியாகப் போவது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நோய்க்கு நல்ல சான்று உள்ள சிகிச்சைகளில் அது முன்வரிசையில் இருக்கிறது, மனநிறைவுப் பயிற்சியை விட முன்னால்.

ஆனால் அங்கே போவது துணையோடு, அளவோடு, என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு. மடையை அளவாகத் திறந்து வயலுக்குத் தண்ணீர் வைப்பதும் ராத்திரியில் கரை உடைவதும் ஒன்றாகுமா? இரண்டிலும் வருவது அதே காவிரித் தண்ணீர்தான். மனநல மருத்துவர் டேனியல் சீகல் 1999இல் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவும்: ஒவ்வொருவருக்கும் உணர்ச்சியைத் தாங்குகிற ஒரு எல்லை உண்டு, அதற்குள் இருந்தால் புதிதாகக் கற்க முடியும், தாண்டினால் முடியாது. ஓலை முடைவது அந்த எல்லைக்குள் வந்து நிற்க. நின்ற பிறகு ஒரு மூச்சு, இரண்டு மூச்சு கவனித்துப் பார்க்கலாம், மறுபடி ஓலைக்கு வரலாம். ஆயுசுக்கும் ஓலையிலேயே இருந்துவிடு என்று நான் யாரையும் சொல்ல மாட்டேன். தங்கை கேட்டதால்தான் இதைத் தெளிவாக எழுத முடிந்தது. 3ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

27 நவம்பர்

நேற்றிலிருந்து விடாத மழை. நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எல்லாப் பக்கமும் சம்பா பயிர் தண்ணீரில் நிற்கிறது. வங்கக்கடலில் இருப்பது புயலாகுமா என்று டிவியில் மணிக்கொரு தரம் சொல்கிறார்கள்.

தம்பி, அம்மா வீட்டில் டிவியை அணைக்கச் சொல்லுங்கள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எச்சரிக்கை கேட்டால் போதும். நாளெல்லாம் அதே செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பதால் பாதுகாப்பு கூடாது. ரேஷன் அட்டை, ஆதார், மாத்திரை, டார்ச், மாற்றுத்துணி ஒரு பையில் கட்டி வாசலருகே வைக்கச் சொல்லுங்கள். யார் வீட்டுக்குப் போவது, யாரோடு போவது என்று இப்போதே பேசிவிடுங்கள். இன்று இதுதான் பதற்றத்துக்கு மருந்து. உண்மையான ஆபத்து வாசலில் நிற்கும்போது எந்தத் தியானமும் சொல்ல மாட்டேன்.

1 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்துவிட்டது. தம்பியின் அம்மா உறவினர் மாடிவீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று செய்தி வந்தது. ராத்திரி பூராவும் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து பூண்டு உரித்தார்களாம். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

8 டிசம்பர்

இங்கே பேச்சு வேறு பக்கம் போயிருக்கிறது. "இதெல்லாம் அமெரிக்கக்காரன் கண்டுபிடித்ததா?" என்று ஒருவர், "எல்லாம் நம்முடையதுதான்" என்று இன்னொருவர்.

கபாட்-ஜின் பௌத்த ஆசிரியர்களிடம் கற்றதை மறைத்தவர் இல்லை. நாகப்பட்டினத்துக்காரர்களுக்குப் பௌத்தம் அந்நியமும் இல்லை. ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பினார், ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அதற்குப் போனது, அதைச் சொல்லும் செப்பேடு பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே மண்ணில் கிடைத்த புத்தர் படிமங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த விகாரத்தில் துறவிகள் மூச்சைக் கவனித்திருப்பார்கள், ஆசிரியர் பக்கத்தில் இருக்க. பழைய முறையிலும் ஆளைப் பார்த்துத்தான் பயிற்சி கொடுத்தார்கள், இவருக்கு மூச்சு, அவருக்கு நடை என்று. மண்டபத்தில் விட்டுப்போனது அதுதான்.

நாகூர் தர்காவுக்குப் போய் ஓதி வருவதைப் பற்றியும் ஒருவர் கேலியாக எழுதியிருந்தார். கேலி வேண்டாம். பயந்தவர் அங்கே தனியாக இருப்பதில்லை, கூட வீட்டார் இருக்கிறார்கள், கண் திறந்திருக்கிறது. போய்விட்டு வரட்டும், சிகிச்சையையும் விடாமல் இருக்கட்டும்.

26 டிசம்பர்

சுனாமி வந்து இருபது வருடம். இன்று ஆராய்ச்சி எழுதவில்லை. நினைவிடத்தில் மலர் போட்டுவிட்டு வந்தோம். நாள் நெருங்கும்போது உடம்பு சரியில்லாமல் போவதும், காரணம் தெரியாமல் எரிச்சல் வருவதும் பலருக்கு உண்டு. ஜனவரியில் தானாகக் குறையும். குறையவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

5 ஜனவரி 2025

நவம்பர் 9 குறிப்பை ஒருவர் வாட்ஸப்பில் பகிர்ந்து, "சுனாமி பார்த்தவர்கள் தியானமே செய்யக்கூடாது" என்று மேலே எழுதியிருக்கிறார். அப்படி நான் சொல்லவில்லை, ஆய்வும் சொல்லவில்லை. உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிற 274 பேர். மனநிறைவோடு சேர்ந்த சிகிச்சையால் அதிகம் பலன் பெற்றவர்கள், சிறுவயதில் அதிகக் கொடுமை அனுபவித்தவர்கள்தான். காயம் பட்டவர்களுக்கே உதவியிருக்கிறது! அதனால் ஆளை ஒதுக்காதீர்கள், முறையை மாற்றுங்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கலாமா என்று கேட்ட தலைமையாசிரியருக்கு: பிரிட்டனில் 85 பள்ளிகளில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் பெரிதாகச் செய்து பார்த்தார்கள், 2022இல் முடிவு வந்தது. வழக்கமான பாடத்தை விடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பிள்ளைகளை விளையாட விடுங்கள். பயத்தோடு வருகிற பிள்ளையைத் தனியாகக் கவனியுங்கள்.

12 ஜனவரி

தம்பி பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறார், அம்மாவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போகிறாராம். போகும்போது பழைய சீட்டு, இப்போது சாப்பிடும் பிரஷர், சுகர் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். தூக்கம், படபடப்பு, எந்த மாதத்தில் கூடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் மறந்துவிடும். மண்டபத்தில் நடந்ததையும் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்திரை எழுதிக்கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டலாம், படபடப்பு கொஞ்சம் கூடலாம். அதைப் பார்த்து அம்மா நிறுத்திவிடுவார், அத்தையும் நிறுத்தச் சொல்வார். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் திரும்பக் கேளுங்கள். பேச்சு சிகிச்சைக்கு மருத்துவ உளவியலாளர் எந்தக் கிழமை இருப்பார் என்று அன்றைக்கே விசாரித்துவிடுங்கள், இன்னொரு தடவை அலைய வேண்டியிருக்காது.